பேசத் தயங்கும் மாணவர்: தமிழ் கற்றலில் மனவெழுச்சியின் இடம்

தமிழ் வகுப்பில் வாய்திறவாத மாணவரைப் பற்றிப் பேச்செழும்போது, அவருக்குச் சொல்வளம் போதாது என்றோ வீட்டில் தமிழ்ச்சூழல் இல்லை என்றோ காரணம் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. ஆயினும், வீட்டில் பாட்டியுடன் தடையின்றித் தமிழ் பேசும் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதையும் ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அப்பிள்ளைக்குச் சொல்வளக்குறை என்ற விளக்கம் பொருந்தாது. அதன் நாவைக் கட்டுவது எது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

மொழி கற்றலில் அறிவாற்றலைத் தவிர வேறொன்றும் தொழிற்படுகிறது என்பதை ஆய்வுவழி முதலில் காட்டியவர்களுள் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். கனடாவின் மொன்றியால் நகரில் பிரெஞ்சு கற்ற ஆங்கிலம் பேசும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஆராய்ந்து, 1959இல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டனர். மொழி கற்கும் இயல்திறன் ஒரு காரணி. ஊக்கம் அதனின்று வேறான மற்றொரு காரணி. பிரெஞ்சு பேசும் மக்களோடு பழக வேண்டும் என்ற விருப்பமுடையோர், வேலை முதலிய பயன் கருதிக் கற்றோரைவிட முன்னேறியிருந்தனர். ஒரு மொழியைக் கற்பது, அதைப் பேசுவோரை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதோடு பிணைந்த செயல் என்பது இதனால் விளங்கும்.

பதற்றத்தைப் பற்றிய ஆய்வு பின்னரே வந்தது. எலைன் ஹார்விட்ஸ் என்பாரும் அவர்தம் உடனாய்வாளர் இருவரும் 1986இல் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பிறரோடு பேச அஞ்சுதல், தேர்வுக்கு அஞ்சுதல், பிறர் தம்மைக் குறைவாக மதிப்பிடுவரோ என அஞ்சுதல் என்னும் மூன்றோடும் அவர்கள் வகுப்பறைப் பதற்றத்தை இணைத்துக் காட்டினர். பதற்றம் கற்றலைக் கெடுக்கும் முறையும் எளிதில் விளங்கக்கூடியதே. ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சிலவே. ‘தவறாகச் சொல்லிவிடுவேனோ’ என்ற கவலை அச்சிறிய இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டால், சொல்லைத் தேடவும் வாக்கியத்தை முடிக்கவும் எஞ்சும் இடம் குறைந்துவிடுகிறது.

எனினும் இவ்வளவுகோல் அயல்மொழி கற்போருக்கென அமைந்தது. நம் மாணவருக்குத் தமிழ் அயல்மொழியன்று. அது அவர் குடும்பத்தின் மொழி. ஆகவே அவர் உள்ளத்தில் நிகழ்வதை அச்சம் என்ற ஒரே சொல்லால் குறிப்பது போதாது என்று கருதுகிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்தையும் இளிவரலையும் வெவ்வேறாக வைக்கிறது. அச்சம் புறத்தேயுள்ள ஒன்றைக் கண்டு தோன்றுவது; இளிவரலோ தன் நிலை தாழ்ந்ததாக உணர்வதோடு தொடர்புடையது. (பெருமிதம் பிறக்கும் நான்கு களன்களுள் அதே இயல் கல்வியை முதலாவதாக வைத்திருப்பதும் ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.)

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். தொடக்கநிலை மாணவி ஒருத்தி, “நேத்து எங்க பாட்டி ஊர்லேருந்து வந்தாங்க, எனக்கு முறுக்கு கொண்டாந்தாங்க” என்று தொடங்குகிறாள். ஆசிரியர் உடனே, “வந்தார் என்று சொல்” என்கிறார். அவள், “பாட்டி வந்தார்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறாள். முறுக்கைப் பற்றிய செய்தி மறைந்தது. மறுவாரம் அவள் கை உயர்த்துவதில்லை. ஆங்கில வகுப்பில் திருத்தப்படும் பிள்ளை, தனக்கு இன்னும் வராத ஒன்றைக் கற்கிறது. இங்கோ, தன் பாட்டி பேசும் மொழியே பிழையுடையது என்ற செய்தி அதன் காதில் விழுகிறது. கார்ட்னரும் லாம்பர்ட்டும் கண்ட ஊக்கத்தின் வேரே இதனால் அறுபடுகிறது.

‘வந்தாங்க’ என்பது பிழையன்று. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பணிகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே சமூகத்தில் நிலவும் இரட்டை வழக்கைச் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கினார். தமிழ் அத்தகைய மொழி. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வலியுறுத்தியது. ‘அக்கா வந்தான்’ என்பதே பிழை. இவ்விரண்டையும் ஒரே சிவப்பு மையால் வட்டமிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

அவ்வாறாயின் பேச்சில் திருத்தமே கூடாதா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கூறவில்லை. ராய் லிஸ்டர், லைலா ராண்டா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, பிரெஞ்சுவழிக் கல்வி பெறும் கனடியப் பிள்ளைகளின் வகுப்புகளைப் பற்றியது. ஆசிரியரின் திருத்தங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, மாணவர் சொன்னதைச் சரியான வடிவில் ஆசிரியரே மீண்டும் சொல்லும் முறையில் அமைந்தன. ஆனால் அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றையே மாணவர் கவனித்து மறுமொழி தந்தனர். “அக்கா...?” என்று நிறுத்தி மாணவரையே சொல்ல வைக்கும் முறை மிகுந்த பயன் தந்தது. மென்மையான திருத்தம் எப்போதும் நல்ல திருத்தம் என்ற நம் எண்ணத்தை இது சற்று அசைக்கிறது. உண்மையான பிழையை மாணவரே கண்டு திருத்தும்போது அங்கு இளிவரலுக்கு இடம் குறைவு.

பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். 1973இல் மார்க் லெப்பர் முதலியோர், ஓவியம் வரைவதில் விருப்பமுடைய பாலர்பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு சாராருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே கூறி வரையச் செய்தனர். சில நாள் கழித்து அப்பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் வெகுவாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றோரிடம் அத்தகைய குறைவு இல்லை. பெற்றோர் எழுதித்தர, பிள்ளைகள் மனனம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப்போட்டிகளை நடத்துவோர் இவ்வாய்வைக் கருத்திற்கொள்ளலாம்.

இறுதியாக, ஆசிரியர் வினாவுக்குப் பின் நிலவும் அமைதி. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளில் அளந்தபோது, ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடியே. அதனை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாதோரும் பேசினர். தமிழ் வகுப்பிலோ மாணவர் சொல்லைத் தேடுவதோடு, அதை எவ்வழக்கில் சொல்வது என்றும் முடிவு செய்தாக வேண்டும். அவருக்கு அந்த மூன்று விநாடியும் போதாமலிருக்கலாம்.