மண்ணின் சூடும் ஆமையின் வாழ்வும்

கோழி தன் முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாக்கிறது. ஆமைக்கு அந்த வழக்கம் இல்லை. கரையேறி, பின்னங்கால்களால் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிவிடும். அதன்பின் அடைகாப்பது மண்ணின் சூடுதான்.

குஞ்சு பொரிப்பதோடு அந்தச் சூட்டின் வேலை முடிவதில்லை. பெரும்பாலான ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிவப்புக்காது ஆமையின் முட்டைகள் 26 பாகை செல்சியஸில் இருந்தால் ஆண்களாகவும், 31 பாகையில் இருந்தால் பெண்களாகவும் பொரிக்கும். ஐந்தே பாகை வித்தியாசம்! கடலாமைகளிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளில், இளையவற்றுள் 99 வீதமானவை பெண்கள் என்று 2018இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகம் சூடேறுவதன் விளைவு அது.

வன்னிக் குளக்கரைகளில் கமம் செய்துவிட்டு வந்தவர்களுக்குப் பாலாமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கள அயலவர்கள் அதைக் 'கிரி இப்பா' என்பார்கள். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைவரை கிடக்கும். அதன் முட்டைக்குள் இருக்கும் கருவும் உடனே வளர்வதில்லை; சில காலம் உறங்கிக் கிடந்து, பிறகே வளரத் தொடங்கும். நம் நாட்டின் கோடையையும் மாரியையும் அறிந்த பிராணி அது. மென்மையான ஓடுடைய இக்குடும்பத்தில் ஆண், பெண் என்பது பரம்பரையாகவே அமைகிறது. சூடு அதை மாற்றுவதில்லை.

இனி, வெளியிலிருந்து வந்ததைப் பற்றி. சிவப்புக்காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அலங்கார மீன் வியாபாரத்தோடு இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. வாங்கும்போது நாணயமளவுக் குஞ்சு. கண்ணின் பின்னே சிவப்புக் கோடு. பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. சில ஆண்டுகளில் சாப்பாட்டுக் கோப்பையளவு வளர்ந்து தொட்டியை நாறடிக்கும். முப்பது ஆண்டும் வாழக்கூடியது. அப்போதுதான் வீட்டார் இரக்கப்பட்டு அதைக் குளத்தில் விடுகிறார்கள்.

பிறந்த இடத்தை விட்டு வந்ததற்காக ஓர் உயிரைப் பழிப்பது, இடம்பெயர்ந்த மக்களிடையே வேலை செய்யும் எங்களுக்கு உவப்பான பேச்சல்ல. அந்த ஆமை தானாக வரவும் இல்லை. ஆனால் அது வருடத்தில் பலமுறை முட்டையிடும், உள்ளூர் ஆமைகள் வெயில் காயும் மரக்கட்டைகளையும் கற்களையும் பிடித்துக்கொள்ளும், இரைக்கும் போட்டியிடும். ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வளர்ந்த ஆமை தப்பிப் பிழைத்தாலும் அதன் முட்டை பொரிப்பது அரிது. ஸ்பெயின், இத்தாலி போன்ற வெப்பமான இடங்களில் பெருகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியைத் தடுத்தது.

இங்கே அந்தக் குளிர்த் தடை ஏது? மடுல்கெல்ல மலைக்காற்று குளிர்தான். ஆனால் நக்கிள்ஸ் மலையிலிருந்து வரும் ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அங்கிருந்து மகாவலி, மினிப்பே வாய்க்கால்கள், வயல்கள் என்று இறங்க இறங்க மண் சூடாகிறது. இங்குள்ள ஓடையில் விடும் ஆமைக்கு அந்த வழி திறந்தே கிடக்கிறது.

ஆகவே வீட்டில் அப்படியொன்று இருந்தால் வெளியே விடவேண்டாம். உயர்ந்த விளிம்புள்ள தொட்டியில் வைத்திருங்கள். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். சல்மொனெல்லா என்னும் வயிற்றோட்டக் கிருமியை அது பரப்பும். இதனால்தான் அமெரிக்கா 1975இல் சிறு ஆமைக் குஞ்சுகளின் விற்பனையைத் தடுத்தது.

வரம்பு வெட்டும்போது மண்வெட்டியில் ஆமை முட்டை தட்டுப்பட்டால், இருந்தபடியே மண்ணால் மூடிவிடுங்கள். எடுக்க நேர்ந்தால் மேற்புறம் கீழாகப் புரட்டக் கூடாது. கரு முட்டையின் மேல் ஓட்டோடு ஒட்டியிருக்கும், புரட்டினால் இறந்துவிடும்.