தாழ் சர்க்கரைக்கு ஏற்ற உணவுத் திட்டம்: எவருக்கு எது பொருந்தும்?

சர்க்கரை ஏறிவிடக் கூடாது என்னும் அச்சம் நம் இல்லங்களில் நன்கு வேரூன்றியுள்ளது. சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அந்த அளவுக்கு இல்லை. ஏறிய சர்க்கரை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கேடு விளைவிக்கும். தாழ்ந்த சர்க்கரையோ ஒரு மணி நேரத்திற்குள் ஒருவரை நினைவிழக்கச் செய்யவல்லது.

“அடிக்கடி சர்க்கரை குறைகிறது, என்ன சாப்பிடலாம் என்று ஓர் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுங்கள்” என்று புறநோயாளர் பிரிவில் பலர் கேட்கின்றனர். கேள்வி ஒன்றாயினும் விடை ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை எதனால், எந்த நேரத்தில் குறைகிறது என்பதை அறிந்த பின்னரே ஒருவருக்கு ஏற்ற உணவுத் திட்டத்தை வகுக்க இயலும். அதற்கான வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

தாழ் சர்க்கரை என்பது எது?

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது எச்சரிக்கை நிலை. 54க்குக் கீழே இறங்கினால் ஆபத்தான நிலை. எண் எதுவாயினும், பிறர் உதவியின்றித் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத அளவுக்கு ஒருவர் குழம்பியோ மயங்கியோ இருந்தால் அது கடுமையான தாழ் சர்க்கரை எனக் கொள்ளப்படும்.

மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். வளர்ந்த ஒருவரின் மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. ஆனால் அதைத் தன்னிடம் சேமித்து வைக்க மூளையால் இயலாது. நாம் உறங்கும்போதும் உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் கல்லீரலே தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்திற்கு வழங்குகிறது. சர்க்கரை குறையத் தொடங்கியதும் இன்சுலின் சுரப்பு அடங்கும்; குளுக்ககான், அட்ரினலின் ஆகிய இயக்குநீர்கள் கல்லீரலைத் தூண்டும். மருந்தாலோ, மதுவாலோ, வேறு நோயாலோ இந்த ஏற்பாடு சீர்குலையும்போது சர்க்கரை தாழ்கிறது.

கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, கடும் பசி ஆகியவை அட்ரினலின் எழுப்பும் எச்சரிக்கை மணிகள். பார்வை மங்கல், பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல், தடுமாற்றம், குழப்பம் ஆகியவை மூளைக்கு எரிபொருள் போதவில்லை என்பதைக் காட்டுவன. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் தெரியலாம். எனவே இம்மருந்தை உட்கொள்வோர் திடீர் வியர்வையைப் புறக்கணிக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் அளவில் விரைந்து செரிக்கும் சர்க்கரையைக் கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூள், அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்த நீர், அல்லது 150 மில்லி பழச்சாறு போதுமானது. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். சர்க்கரை ஏறிய பின், அடுத்த உணவுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் இருக்குமானால் இரண்டு இட்லியோ, ஒரு குவளைப் பாலுடன் ரொட்டித் துண்டோ உண்பது நன்று.

சாக்லேட், ஐஸ்கிரீம், நெய்யில் செய்த இனிப்பு ஆகியவை அந்நேரத்திற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். இம்மருந்துகள் சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் குடலில் சிதைவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆதலால் தாழ் சர்க்கரையின்போது அவர்களுக்குக் குளுக்கோஸ் தூளே கைகொடுக்கும். உங்கள் மாத்திரை அட்டையில் இப்பெயர் உள்ளதா என்று இன்றே பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளிலும் இது கலந்திருக்கும்.

மயங்கியவரின் வாயில் நீரையோ, தேனையோ, சர்க்கரையையோ புகட்டக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 அவசர ஊர்தியை அழையுங்கள். குளுக்ககான் மருந்து வீட்டில் இருந்து, பயன்படுத்தவும் கற்றிருந்தால் அதைச் செலுத்தலாம்.

உங்களுக்கு ஏற்படுவது எவ்வகை?

முதல் வகை, மருந்தால் நேர்வது. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளும் இதற்குக் காரணம். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இது அரிது. நாங்கள் காணும் தாழ் சர்க்கரையில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வகை, உணவுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நேர்வது. டொரண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1924இல் சீல் ஹாரிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், இன்சுலின் போட்டுக்கொள்ளாத சிலரிடமும் அதே வகையான தாழ் சர்க்கரை அறிகுறிகள் தோன்றுவதை விவரித்தார். உணவால் விரைந்து ஏறும் சர்க்கரைக்கு எதிராக உடல் தேவைக்கு மிகுதியாக இன்சுலினைச் சுரப்பது இதற்கொரு காரணம். உடற்பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டோரிடமும் இதைக் காண்கிறோம்.

மூன்றாம் வகை, வெறும் வயிற்றில் நேர்வது. சர்க்கரைக்கு மருந்தே எடுக்காத ஒருவருக்கு விடியற்காலையிலோ உணவு தவறும்போதோ சர்க்கரை தாழுமானால், உணவுப் பட்டியலால் அதைத் தீர்க்க முயலக் கூடாது. கணையக் கட்டி, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, கல்லீரல் நோய் போன்றவை மறைந்திருக்கலாம். முறையான பரிசோதனை தேவை.

நடுக்கமும் சோர்வும் வந்தாலே அதை ‘லோ சுகர்’ என்று எண்ணி இனிப்பு உண்பவர் பலர். இரத்தச் சோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, குறைந்த இரத்த அழுத்தம், மனப்பதற்றம் ஆகியவையும் இத்தகைய தொல்லைகளைத் தரும். தொல்லை இருக்கும் அதே வேளையில் அளவிட்டுச் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் தொல்லை நீங்க வேண்டும். இவை அனைத்தும் பொருந்தினால்தான் தாழ் சர்க்கரை என உறுதி செய்யலாம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் வகுத்த இந்த அளவுகோலையே மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகின்றனர்.

மருந்து எடுப்போருக்கான திட்டம்

இவர்களுக்கு உணவின் வகையைக் காட்டிலும் நேரமும் அளவும் முதன்மையானவை. மருந்து தன் வேலையைச் செய்யும் நேரத்தில் வயிற்றில் உணவு இருக்க வேண்டும்.

நாங்கள் அடிக்கடி காணும் ஒரு நிலையைக் கூறுகிறேன். எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், கிளிமிபிரைடு உட்கொள்பவர். இரண்டு நாள் காய்ச்சலால் உணவில் நாட்டமில்லை. காலையில் அரைக் குவளைக் கஞ்சி மட்டும் அருந்துகிறார். “மாத்திரையைத் தவறவிடக் கூடாது” என்று மகன் அக்கறையோடு வழக்கமான மாத்திரையை முழு அளவில் கொடுக்கிறார். மாலையில் அவர் சோர்ந்து கிடக்கிறார், பேச்சு குழறுகிறது. காய்ச்சலின் அயர்ச்சி என்று வீட்டார் கருதி உறங்க விடுகின்றனர். இரவில் எழுப்பினால் எழவில்லை. மருத்துவமனையில் அளந்தால் சர்க்கரை 38. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துப் பேசுகிறார். உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லக் குடும்பத்தார் விரும்புகின்றனர். ஆனால் இம்மாத்திரையின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தோருக்கு இன்னும் நீளலாம். மயக்கம் தெளிந்த பின்னும் கண்காணிப்பில் இருக்குமாறு நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே எவரும் அலட்சியமாக இருக்கவில்லை. உணவு குறைந்த நாளில் மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவ்வீட்டாருக்குத் தெரியவில்லை. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் சர்க்கரையை அளந்து, மருத்துவமனையைத் தொலைபேசியில் கேளுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயாளர்கள் எந்நிலையிலும் இன்சுலினைத் தாமாக முற்றிலும் நிறுத்தக் கூடாது.

அன்றாட வாழ்வுக்குச் சில நெறிகள்:

மூன்று வேளை உணவையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உண்ணுங்கள். ஒவ்வொரு வேளையும் மாவுச்சத்தின் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறாதிருக்கட்டும். ஒரு கிண்ணம், அதாவது சுமார் 150 கிராம் சோற்றில், ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உண்டு. நேற்று இரண்டு கிண்ணம், இன்று அரைக் கிண்ணம் என்று மாறினால் ஒரே அளவு மருந்து இரண்டு நாளுக்கும் பொருந்தாது.

சர்க்கரையைக் குறைக்கும் ஆர்வத்தில் இரவு உணவை நீங்களாகவே கைவிடாதீர்கள். மருத்துவரிடம் கூறினால் மருந்தைக் குறைத்து, அதன்பின் உணவை மாற்றலாம்.

தீய கனவு, இரவில் நனைந்த ஆடை, காலையில் தலைவலி ஆகியவை உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்ததைக் காட்டலாம். சில இரவுகளில் அதிகாலை மூன்று மணிக்கு அளந்து பாருங்கள்.

வழக்கத்தை மீறிய நடையோ உழைப்போ சர்க்கரையை அன்றிரவு வரையிலும் குறைக்கக்கூடும். அத்தகைய நாளில் கூடுதலாக ஒரு சிற்றுண்டி தேவைப்படலாம்.

வெறும் வயிற்றில் மது, கல்லீரல் புதிய குளுக்கோஸை உருவாக்குவதைத் தடுக்கிறது. அப்போது வரும் தடுமாற்றத்தைப் பிறர் போதை என்றே எண்ணிக் கைவிடுவர். இதனால் உயிரிழப்பும் நேரலாம்.

சஷ்டி, ஏகாதசி விரதமோ, ரமலான் நோன்போ, தவக்கால ஒறுத்தலோ எதுவாயினும், தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்து கலந்து பேசுங்கள். மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிப் பலரால் பாதுகாப்பாக நோன்பிருக்க முடிகிறது. சிலருக்கு மட்டும் வேண்டாமென்று கூறுகிறோம். நோன்பின்போது 70க்குக் கீழே இறங்கினால் அதை முடித்துக்கொள்வதே முறை.

உணவுக்குப் பின் சர்க்கரை தாழ்வோருக்கான திட்டம்

இவர்கள் செய்யத்தக்கது முற்றிலும் வேறு. சர்க்கரை விரைந்து ஏறாமல் இருந்தால் விரைந்து இறங்கவும் செய்யாது. காலையில் சர்க்கரை கலந்த காப்பியும் பிஸ்கட்டும் மட்டும் உண்டு, பதினொரு மணிக்கு நடுக்கம் கண்டு, அதற்கு மீண்டும் இனிப்பு உண்பது ஒரு சுழல். அதிலிருந்து மீள, உண்பதைப் பிரித்து மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ணுங்கள். இனிப்புப் பானங்களையும் பழச்சாற்றையும் அன்றாட உணவிலிருந்து விலக்குங்கள். முழுப் பழமாக உண்ணுங்கள்.

ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். இட்லியோடு ஒரு முட்டை அல்லது கெட்டியான சாம்பார். தோசையாயின் பாசிப்பயற்றுத் தோசை. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவில் சோற்றைக் குறைத்துக் காய்கறியும், மீன் அல்லது பருப்பும் கூடுதலாகக் கொள்ளலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, சோற்றை இறுதியில் உண்பதும் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவது நலம்.

குடும்பத்தாருக்கு

அடிக்கடி சர்க்கரை தாழ்பவருக்கு நாளடைவில் எச்சரிக்கை அறிகுறிகளே தோன்றாமல் போகலாம். அப்போது அருகிலிருப்பவரின் கண்ணே அவருக்குக் காவல். வழக்கமாகச் சாந்தமாகப் பேசுபவர் காரணமின்றிச் சினந்தால், பதில் சொல்லாமல் வெறித்துப் பார்த்தால், வாதிடாமல் சர்க்கரையை அளந்து பாருங்கள். அளக்கும் கருவி கையில் இல்லையெனில், அவரால் விழுங்க முடியும்வரை சர்க்கரை நீரைக் கொடுத்துவிடுங்கள். உண்மையில் சர்க்கரை ஏறியிருந்தாலும் அந்த மூன்று தேக்கரண்டியால் பெருங்கேடு நேராது. தாழ்ந்திருந்தும் கொடுக்கத் தவறினால் நேரக்கூடும். சில வாரங்கள் சர்க்கரை தாழாமல் காத்துவந்தால், மறைந்த அறிகுறிகள் பெரும்பாலும் திரும்பக் காண்கிறோம்.

அச்சத்தால் எந்நேரமும் இனிப்பு ஊட்டுவதும் தவறு. அதனால் எடையும் சர்க்கரையும் ஏறி, மருந்தும் ஏறும்.

இரண்டு வாரக் குறிப்பேடு

உங்களுக்குரிய திட்டத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரங்கள் உண்ட நேரம், உண்டது எவ்வளவு, மருந்து எடுத்த நேரம், நடை அல்லது உழைப்பு, தொல்லை தோன்றிய நேரம், அப்போதைய சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். நினைவிலிருந்து சொல்லும் வரலாற்றைவிட இக்குறிப்பு எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். தாழ்வு மாலை ஐந்து மணிக்கே வருகிறது என்று தெரிந்தால், நான்கு மணிக்கு ஒரு சிற்றுண்டி சேர்ப்பதா, காலை மருந்தைக் குறைப்பதா என்று தெளிவாக முடிவு செய்யலாம். மாதத்தில் இரண்டாம் முறையாகச் சர்க்கரை தாழ்ந்தால் உணவைக் கூட்டிக்கொண்டே போகாமல், மருந்தை மறு ஆய்வு செய்ய வாருங்கள். மயக்கம் வரை சென்றிருந்தால் ஒருமுறையே போதும். உடனே வர வேண்டும்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது அந்தக் குறிப்பேட்டையும், மாத்திரை அட்டைகள் அனைத்தையும், உங்களுக்கு வீட்டில் உணவு சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். திட்டத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.