எதிரலை தந்த அரை மணி

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில், இருண்ட வானில் ஒரு வாணம் வெடிக்கிறது. ஒளி அக்கணமே கண்ணை எட்டுகிறது. ஓசையோ மூன்று நொடி கழித்தே செவியை அடைகிறது. ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதறிந்த மாணவர், வாணம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தது எனக் கூறிவிடுவார். காலத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் இந்தக் கணக்கே ரேடாரின் அடிப்படை.

ரேடார், ரேடியோ அலைத்துடிப்பை அனுப்பி, அது வானூர்தியில் பட்டு மீள்வதற்காகக் காத்திருக்கிறது. இவ்வலை நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் எதிரலை மீண்டால், போக வர 300 கிலோமீட்டர்; ஆகவே வானூர்தி 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1935இல் இங்கிலாந்தில் இராபர்ட் வாட்சன் வாட் குழுவினர் இதனை மெய்ப்பித்தனர். ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டுக் கரையோரம் ரேடார் நிலையங்கள் வரிசையாக எழுந்துவிட்டன.

நமக்கு அண்மையில் இக்கருவி சோதனைக்குள்ளானது இலங்கையில். 1942 ஏப்ரல் 4 அன்று, கனடிய விமானி லியனார்டு பர்ச்சால் இலங்கையை நோக்கி வந்த சப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது வானூர்தி வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் ரேடார் நிலையம் இருந்தது. ஆனால் எச்சரிக்கை வரவில்லை. பகை வானூர்திகள் தலைக்கு மேல் வந்தபோது, இரத்மலானையின் போர் வானூர்திகள் தரையிலேயே நின்றன. பணியாளரின் அனுபவக் குறைவு, பணிமாற்ற நேரம் எனக் காரணங்களைப் பலவாறு கூறுவர்.

கருவி தானாக எதையும் அறிவிப்பதில்லை என்பதை இங்கே கருத வேண்டும். அக்காலத் திரையில் தெரிந்தது ஓர் ஒளிக்கோடு மட்டுமே. எதிரலை வந்தால் அக்கோட்டில் ஒரு முள் எழும். மலையும் முள் எழுப்பும். தம் வானூர்தியும் எழுப்பும். எந்த முள் பகைவனுடையது, அதன் நடுக்கத்தில் மறைந்திருப்பவை எத்தனை வானூர்திகள் என்பதைப் பழகிய கண்தான் பிரித்தறியும். கண்டதை உடனே தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவும் வேண்டும். மணிக்கணக்கில் வெறுங்கோட்டை உற்றுநோக்கும் இப்பணி, போர்முனை வீரனின் பணியினும் எளிதன்று.

ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை ரேடார் பணியாளர் அதைச் செய்தனர். ஏறத்தாழ 145 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த முள்ளைக் கண்டறிந்து அறிவித்தனர். ஆயிரத்தில் ஒரு நொடி கூட எடுக்காத எதிரலை, ஏறத்தாழ அரை மணி அவகாசம் தந்தது. போர் வானூர்திகள் குண்டுவீச்சுக்கு முன்பே வானேறின. எனினும் துறைமுகமும் வானூர்தித் தளமும் பெருஞ்சேதமடைந்தன.

முந்தைய இரவே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட கப்பல்களுள் ஒன்று, எர்மிசு என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல். அதில் அன்று ஒரு போர் வானூர்தியும் இல்லை. தற்காக்க வானூர்திகள் வந்து சேருமுன், முற்பகலிலேயே அது மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பை அடுத்த கடலடியில் அக்கப்பல் இன்றும் கிடக்கிறது.