பெட்டிக்குள் உறங்கும் முகங்கள்

அலுமாரியின் அடித்தட்டிலோ பரணிலோ வட்டமான தகரப் பெட்டி ஒன்று பல்லாண்டுகளாகக் கிடக்கின்றதா? பாட்டனார் கைக்கமராவிற் பிடித்த திருமண ஊர்வலமும், முற்றத்தில் தவழ்ந்த குழந்தையும் அதனுள்ளே இருத்தல் கூடும். இன்றே அதனைத் திறந்து பாருங்கள். வினாகிரியின் புளித்த வாடை வீசுமாயின், அப்படச்சுருள் நோயுற்றுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

வாடை சொல்லும் செய்தி

வீட்டுப் படச்சுருள்கள் பெரும்பாலும் செலுலோசு அசற்றேற்று என்னும் பொருளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் தாக்கும்போது இப்பொருள் சிதைந்து, வினாகிரியில் உள்ள அதே அசற்றிக்கமிலத்தை வெளிவிடுகின்றது. அவ்வமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றது. சுருள் சுருங்கி, வளைந்து, ஈற்றில் நொறுங்கிப் போகின்றது. இந்நோயை மாற்ற மருந்தில்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து அதன் வேகத்தைத் தணிக்கலாம், அவ்வளவே. வாடை வீசும் சுருளை நல்ல சுருள்களோடு சேர்த்து வைத்தலும் ஆகாது. எம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டிலே காலந் தாழ்த்துவது பெரும் பிழையாகும்.

எவ்வகைச் சுருள்?

வீட்டுப் பாவனைக்கென 16 மில்லிமீற்றர்ச் சுருள் 1923இலும், 8 மில்லிமீற்றர்ச் சுருள் 1932இலும், சூப்பர் 8 என்பது 1965இலும் வெளிவந்தன. பிந்திய இரண்டும் ஒரே அகலமுடையவை. துளைகள் பெரியனவாய்ப் படத்துக்கும் படத்துக்கும் இடையே அமைந்திருந்தால் அது பழைய 8. சிறியனவாய்ப் படத்தின் நடுப்பக்கத்தில் இருந்தால் அது சூப்பர் 8. ஐம்பது அடிச் சூப்பர் 8 சுருளில் 3,600 படங்கள் உள. செக்கனுக்கு 18 படமாக ஓட்டினால் அவை மூன்று நிமிடமும் இருபது செக்கனுமே நீடிக்கும்.

பிரதி எடுக்கும்போது

ஆவல் மிகுதியாற் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிவிடாதீர்கள். சுருங்கிய சுருளின் துளைகளை அதன் பற்கள் கிழித்துவிடும். இடையில் நின்றுவிட்டால் விளக்கின் வெப்பம் படத்தையே பொசுக்கும்.

எமக்குத் தெரிந்த குடும்பத்தினர் சிலர், முன்னொரு காலத்திலே தம் திருமணச் சுருளைச் சுவரில் ஓட்டச் செய்து வீடியோ நாடாவிற் பதிந்துகொண்டு, மூலச்சுருளை எறிந்துவிட்டனர். இன்று அந்த நாடாவிலே மணமகளின் முகம் இருந்த இடத்தில் வெள்ளொளி ஒன்றே துடிக்கின்றது. மூலமும் இல்லை, மீட்க வழியும் இல்லை.

ஆகவே, பிரதி எடுப்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே ஸ்கான் செய்கின்றாரா? பழைய வேகத்திலேயே ஓடும்படி அமைப்பாரா? வேகம் மிகுந்தால் நிதானமாக நடந்த பெரியவர்களும் துள்ளி ஓடுவார்கள்! டிஜிட்டல் பிரதியை இரண்டு வன்தட்டுகளிற் பதிந்து, இரு வேறு இடங்களில் வைத்திருங்கள். மூலச்சுருளை ஒருபோதும் எறியாதீர்கள். வன்தட்டும் பழுதாகக் கூடியதே.

வீட்டுப் படமும் நாட்டுச் செல்வமும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அமெரிக்கா, தன் நாட்டில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமிலே டேவ் தட்சுனோ என்பவர், மேற்பார்வையாளர் ஒருவரின் உதவியோடு மறைவாக வருவித்த 8 மில்லிமீற்றர்க் கமராவினால் அங்குள்ளோரின் அன்றாட வாழ்வை வண்ணத்திலே பதிந்தார். தம் குடும்பத்துக்கும் அயலவர்க்குமாக அவர் எடுத்த அப்படம் 1996இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. வீட்டுச் சுருள் பிற்காலத்தில் யாருக்குப் பயன்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதன்றோ?

பெயர் சொல்வார் யார்?

இச்சுருள்களுட் பெரும்பாலானவை பேசுவதில்லை. மணப்பந்தலிலே சிரித்து நிற்கும் அந்த இளைஞர் யார், குழந்தையைத் தூக்கியிருக்கும் மாது எவ்வுறவு என்பவற்றைப் படம் சொல்லாது. ஆதலின் பிரதி கைக்கு வந்ததும், வீட்டிலுள்ள முதியோரை அழைத்து அருகில் அமர்த்துங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் குரலையும் பதிந்து வையுங்கள். சுருளுக்குப் பிரதி எடுத்துவிடலாம். அம்முகங்களை அறிந்த அம்மம்மாவுக்குப் பிரதி ஏது?