முதலிடம் என்பது 38,962 பிரதிகள்

ஷெஃபீல்ட் நகரின் ஆர்க்டிக் மங்கீஸ் குழு டொமினோ நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் சிங்கிள் 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்'. நீளம் 2 நிமிடம் 53 விநாடி. 2005 அக்டோபர் 17, திங்கட்கிழமை கடைக்கு வந்தது. அக்டோபர் 23, ஞாயிறன்று பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். மூன்று வாரங்களாக அங்கிருந்த சுகபேப்ஸ் குழு இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் விற்றவை 38,962 பிரதிகள்.

இந்த எண்ணுக்குள் இரண்டு வகைச் சரக்கு உண்டு: கடையில் வாங்கிய இசைத்தட்டும் குறுந்தகடும் ஒன்று, பணம் கட்டிப் பதிவிறக்கியவை மற்றொன்று. பதிவிறக்கங்களைப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது 2005 ஏப்ரலில்தான், அதாவது இந்தப் பாட்டு வருவதற்கு ஆறு மாதம் முன்பு. எனவே அதற்கு முந்தைய ஆண்டுகளோடு செய்யும் எந்த ஒப்பீடும் 2005க்குச் சற்றுச் சாதகமானது.

'முதல் சிங்கிள்' என்பதிலும் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. 2005 மே 30இல், பேங் பேங் என்ற நிறுவனப் பெயரில், இதே குழு இரண்டு பாட்டுகள் கொண்ட ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. ஏழு அங்குல இசைத்தட்டு 1,000, குறுந்தகடு 500, ஆக மொத்தம் 1,500. அக்டோபர் மாதத்து முதல் வார விற்பனை அதைப்போல் 26 மடங்கு. இடையில் கடந்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதற்கும் முன்பே, நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுத்த மாதிரிப் பதிவுகளை ரசிகர்கள் இணையத்தில் பகிர்ந்திருந்தார்கள். அவை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. விலை பூஜ்யம் என்றால் விற்பனையும் பூஜ்யம்.

38,962 பெரிய எண்ணா? பத்தாண்டு பின்னால் போனால் விடை மாறுகிறது. 1995 ஆகஸ்டில் பிளர், ஒயாசிஸ் என்ற இரு குழுக்களும் ஒரே நாளில் ஆளுக்கொரு சிங்கிளை வெளியிட்டன. பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்' முதல் வாரத்தில் சுமார் 2,74,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. ஒயாசிஸின் 'ரோல் வித் இட்' சுமார் 2,16,000 பிரதிகளுடன் இரண்டாவது. ஆர்க்டிக் மங்கீஸின் எண்ணிக்கை இதில் முதலிடத்தின் 14.2 சதவீதம், இரண்டாமிடத்தின் 18 சதவீதம். 2,74,000ஐ ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 39,143. அதாவது 1995இல் பிளர் சராசரியாக ஒரு நாளில் விற்றதும் 2005இல் ஆர்க்டிக் மங்கீஸ் ஒரு வாரத்தில் விற்றதும் ஏறத்தாழ ஒன்றே. பிளரின் எண் முழுமையாக்கப்பட்டது என்பதால், மிஞ்சும் 181 பிரதிக்கு அர்த்தம் தேட வேண்டாம். பிளர் தன் பாட்டை இரண்டு குறுந்தகடு வடிவங்களில் விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒரே ரசிகர் இரண்டையும் வாங்கினால் பட்டியலில் இரண்டு பிரதி. ஆனாலும் ஏழு மடங்கு வித்தியாசத்தை அது ஒன்றே விளக்கிவிடாது.

அதே காலத்து வாரங்களோடு வைத்துப் பார்த்தால் படம் வேறு. 2005 ஜனவரியில் எல்விஸ் பிரஸ்லியின் மறுவெளியீடு ஒன்று முதலிடத்துக்கு வரப் போதுமானதாக இருந்தவை 20,463 பிரதிகள். 2006 மார்ச்சில் ஆர்சன் என்ற குழுவுக்கு 17,694 போதுமானதாக இருந்தது. இவற்றைப்போல் ஆர்க்டிக் மங்கீஸ் முறையே 1.9 மடங்கும் 2.2 மடங்கும் விற்றது. இடம் மூன்று பேருக்கும் ஒன்றுதான்.

அடுத்த சிங்கிள் 2006 ஜனவரி 16இல் வந்தது. அதுவும் முதலிடம், முதல் வார விற்பனை 38,922. முதல் சிங்கிளைவிட 40 பிரதி குறைவு, 0.1 சதவீதம். அதே ஆட்கள்தான் திரும்பவும் வாங்கினார்கள் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. அந்த ஊகத்துக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். சிங்கிள் வாங்கும் வழக்கம் உள்ளவர்களின் எண்ணிக்கை இவ்வளவுதான் என்றும் அதைப் படிக்கலாம்.

இரண்டாவது வாசிப்புக்கு வலுச் சேர்ப்பது ஆல்பம். முதல் சிங்கிள் வந்து சரியாக 14 வாரம் கழித்து, 2006 ஜனவரி 23இல் அது வெளியானது. முதல் நாள் விற்பனை 1,18,501. முதல் வாரம் 3,63,735. முதல் சிங்கிள் ஒரு வாரத்தில் விற்றதைப்போல் 3 மடங்கை ஆல்பம் ஒரே நாளில் விற்றது, வாரக் கணக்கில் 9.3 மடங்கு. அறிமுக ஆல்பங்களில் அதுவரை சாதனையாக இருந்தது 2001இல் ஹியர்சே குழுவின் 3,06,631, அதைவிட 18.6 சதவீதம் கூடுதல். இத்தனைக்கும் ஆல்பத்தின் 13 பாட்டுகளில் 4 ஏற்கெனவே விற்பனைக்கு வந்தவை: மே வெளியீட்டின் இரண்டும் சிங்கிள்கள் இரண்டும். இலவசப் பதிவுகளாகச் சுற்றியவற்றையும் சேர்த்தால் புதியவை இன்னும் குறையும். இலவசம் விற்பனையைத் தின்னும் என்ற அன்றைய அச்சத்துக்கு இந்த ஒரு கணக்கு ஆதரவாக இல்லை. ஒரு குழுவின் கணக்கு ஒரு துறையின் கணக்கு ஆகாது என்பதும் உண்மை.

முதல் வெளியீடுகளில் முன்னோடிகளின் வரிசையை விரைவாகப் பார்க்கலாம். பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் தானே வெளியிட்ட நான்கு பாட்டு இசைத்தட்டுக்குக் கடன் வாங்கிய தொகை 500 பவுண்டு, முதல் அச்சு 1,000 பிரதி: ஒன்றுக்கு 50 பென்ஸ். பிறகு விற்றது சுமார் 16,000. தி ஸ்மித்ஸின் 1983 மே சிங்கிளுக்கு ஒலிப்பதிவுச் செலவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ 250 பவுண்டு; அது முதல் 75 இடங்களுக்குள் வரவே இல்லை. ஒயாசிஸின் முதல் சிங்கிள், 1994 ஏப்ரல் 11: 31ஆம் இடம். அதன் ஆல்பம் 20 வாரம் கழித்து வந்து, முதல் வாரத்தில் சுமார் 86,000 விற்றது. ஆர்க்டிக் மங்கீஸ் ஆல்பம் அதைப்போல் 4.2 மடங்கு. டொமினோவின் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் முதல் சிங்கிளுக்கு 2003 செப்டம்பரில் கிடைத்தது 44ஆம் இடம்.

இன்றைய அளவுகோல் வேறு. 2018 ஜூலையில் வந்த விதிப்படி, சந்தா கட்டிக் கேட்டால் 100 முறைக்கும் இலவசமாகக் கேட்டால் 600 முறைக்கும் ஒரு விற்பனை. 38,962 பிரதிக்குச் சமம் 38,96,200 சந்தா ஒலிப்புகள், அல்லது 2,33,77,200 இலவச ஒலிப்புகள். விற்பனையும் ஒலிப்பும் ஒரே சரக்கு அல்ல: 2005இல் வாங்கியவர் அந்தத் தட்டை ஒருமுறை கேட்டாலும் ஆயிரம் முறை கேட்டாலும் பட்டியலுக்கு அது ஒன்றுதான். பிரிட்டனில் ஒரு சிங்கிளுக்கான பிளாட்டினம் எல்லை 6,00,000. ஒலிப்புகளும் சேர்ந்து இந்தப் பாட்டு பின்னாளில் அந்த எல்லையைத் தாண்டியது. எல்லைக்கு முதல் வாரம் அளித்த பங்கு 6.5 சதவீதம்.