வழிகாட்டும் வானலைகள்

நெடுஞ்சாலையிற் செல்லும் சாரதி ஒருவருக்குப் பெற்றோல் குறைந்துவிட்டது; அல்லது உடன் வந்தவருக்குத் திடீரென நோய் கண்டுவிட்டது. அடுத்த பெற்றோல் நிலையம் திறந்திருக்கிறதா, வைத்தியசாலைக்குச் செல்லும் வழி தடைப்பட்டிருக்கிறதா என்பனவே அவர் உடனே அறியவேண்டியவை. தேசப்படம் இடத்தைக் காட்டும். அந்நேரத்து நிலைமையைக் காட்டாது. இக்குறையை நிரப்பவே வாகனங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு அமைக்கப்படுகிறது.

இதில் முன்னோடி நாடுகளுள் ஒன்று யப்பான். அங்கே 1996ஆம் ஆண்டு தொடங்கிய 'விக்ஸ்' என்னும் சேவை மூன்று வழிகளாற் செய்தி வழங்கியது. அதிவேக வீதிகளின் ஓரத்தில் நாட்டிய வானொலிக் கம்பங்கள் ஒன்று. ஏனைய பெருந்தெருக்களில் அகச்சிவப்புக் கதிர்களை அனுப்பும் கருவிகள் மற்றொன்று. பண்பலை ஒலிபரப்புடன், காதுக்குக் கேளாதவாறு சேர்த்தனுப்பும் குறிப்புகள் மூன்றாவது. நெரிசல், விபத்து, தரிப்பிடங்களில் இடமுண்டா என்பன வண்டியின் திரையில் தோன்றின. அக்கம்பங்களின் சேவை 2022இல் நிறைவுற்றது. வாகனத்துடன் இருவழியாகப் பேசும் புதிய கருவிகள் அப்பணியை ஏற்றுக்கொண்டன.

எல்லா வீதிகளிலும் கருவிகளை நாட்டுதல் பெருஞ்செலவாகும். ஆகவே, வாகனங்களே ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றும் முறையை ஆராய்ச்சியாளர் வகுத்தனர். வானொலி நிலையத்தில் ஒருவர் பேசப் பலர் கேட்கின்றனர். இங்கோ ஒவ்வொரு வண்டியும் ஒலிபரப்பு நிலையமாகவும் கேட்கும் பெட்டியாகவும் இருக்கிறது. ஒரு வண்டியின் அலை பெரும்பாலும் சில நூறு மீற்றர் தூரமே செல்லும். எனினும், சாரதியின் வினாவை முன்னே செல்லும் வண்டி ஏற்று அதற்கப்பாலுள்ள வண்டிக்குக் கொடுக்க, அது நெடுந்தூரம் சென்று விடையுடன் மீளலாம். எதிரே வரும் வண்டி, தான் கடந்துவந்த பெற்றோல் நிலையத்தின் செய்தியையும் சுமந்து வரலாம்.

இதற்கு இரண்டு இடர்கள் உள. முதலாவது, ஆளரவமற்ற வீதியிற் செய்தியை ஏந்திச் செல்ல வேறு வண்டி இராது. உதவி மிகத் தேவைப்படும் இடமும் அதுவே. இரண்டாவது, தீயவர் பொய்ச் செய்தியைப் பரப்பக்கூடும். அதனைத் தடுக்க ஒவ்வொரு செய்தியும் இலக்கமுறைக் கையொப்பத்துடன் அனுப்பப்படுகிறது. ஒருவரது போக்குவரத்தைப் பிறர் தொடர்ந்து வேவு பார்க்காதிருக்க, அக்கையொப்பத்துக்குரிய அடையாளமும் அடிக்கடி மாற்றப்படுகிறது.

கருவி பொருத்திய வண்டிகள் பெருகினாலன்றி இவ்வலை பயன் தராது. அமெரிக்காவில் 1999இல் இத்தகைய சேவைகளுக்கென ஒதுக்கப்பட்ட 75 மெகாஹேட்ஸ் அலைப்பரப்பில், 45 மெகாஹேட்ஸ் வேறு பயன்பாட்டுக்கு வழங்கப்படும் என 2020இல் முடிவாயிற்று. கருவிகள் எதிர்பார்த்தவாறு பரவாமையே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஐரோப்பிய ஒன்றியமோ அவசர உதவிக்கு வேறொரு வழியை நாடியது. 2018 மார்ச் 31 முதல், புதிதாக அனுமதி பெறும் கார் வகைகளில் 'ஈ-கோல்' என்னும் கருவி கட்டாயமாயிற்று. கடும் விபத்து நேர்ந்தால் அது கைத்தொலைபேசி வலையமைப்பின் மூலம் 112 என்னும் இலக்கத்தைத் தானே அழைத்து, வண்டி நிற்கும் இடத்தை அறிவிக்கும். அயலில் வேறு வண்டி இருக்கவேண்டியதில்லை. சாரதி நினைவிழந்திருந்தாலும் அழைப்பு நின்றுவிடாது. வழி கேட்க வாயுள்ளவனுக்கு மட்டுமன்றி, வாய் திறக்க இயலாதவனுக்கும் உதவி சென்று சேரும்போதே வழித்துணை முழுமை பெறுகிறது.