காதுக்குக் கதவில்லை



கடம்பத்தூரில் எங்கள் மதரஸாவைக் காண வருவோர், "இத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரக்க ஓதுகிறார்களே, இந்த இரைச்சலில் பாடம் எப்படி மனத்தில் நிற்கும்?" என்று வியப்பர். நிற்கிறது. ஆனால் வாசலில் இருவர் தாழ்ந்த குரலில் கல்யாணப் பேச்சைத் தொடங்கினால் போதும். அருகிலிருக்கும் பிள்ளைக்கு ஓதல் தடுமாறுகிறது.

என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் இவ்வட்டாரத் தொழிற்சாலையொன்றில் கணக்கெழுதுகிறார். "ஹஜ்ரத்! எந்திர ஓசை என்னை ஒன்றும் செய்வதில்லை. அடுத்த மேசைக்காரரின் தொலைபேசிப் பேச்சுத்தான் கூட்டலைக் கலைக்கிறது. பிழைக்கு ஏச்சு வாங்குபவன் நான்" என்று வருந்தினார்.

இது அவருடைய கவனக்குறைவா? இல்லை என்கின்றன ஆய்வுகள். 1976-இல் கோல், வெல்ஷ் என்னும் ஆய்வாளர்கள், எழுத்து வரிசைகளை மனனம் செய்தோரின் செவியில், அவர்கள் அறியாத ஜெர்மன் மொழிப் பேச்சை ஒலிக்கச் செய்தனர். பொருள் புரியாதபோதும் பிழைகள் பெருகின. குரல் உரத்ததா, மெல்லியதா என்பதும் பெரிதாக வேறுபாடு செய்வதில்லை எனப் பின்னர் தெரியவந்தது. பல குரல்கள் ஒன்றாய்க் கலந்தால் இடையூறு குறைவதை 1995-இல் ஜோன்ஸ், மேக்கன் ஆகியோர் கண்டனர். எங்கள் பிள்ளைகள் ஓதும் இரைச்சலில் பாடம் நிற்பதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

தொலைபேசிப் பேச்சோ இன்னும் கொடிது. இருவர் உரையாடலை முழுதாகக் கேட்பதைவிட, ஒருவர் பேச்சை மட்டும் கேட்பதே கவனத்தை அதிகம் சிதைக்கிறது என்று எம்பர்சன் குழுவினர் 2010-இல் நிறுவினர். மறுமுனை என்ன சொல்லியிருக்கும் என்று நம் மனம் நம்மைக் கேளாமலே தேடத் தொடங்குகிறது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கதவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது உரக்க ஓதியோரை, ஒருவர் மற்றவருக்கு இடையூறு செய்ய வேண்டாமெனத் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. இறைமறை ஓதலுக்கே இந்த எல்லை என்றால், நம் வீண்பேச்சுக்கு எவ்வளவு எல்லை வேண்டும்!

ஆகவே, சகோதரர்களே! பணியிடத்தில் தொலைபேசி வந்தால் எழுந்து வெளியே சென்று பேசுங்கள். மேலாளராயிருப்போர் பிழை செய்தவரை ஏசுமுன், அவர் அருகில் என்ன ஒலிக்கிறது என்று பாருங்கள்.

சகோதரிகளே! ஒரே கூடம் உள்ள வீட்டில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கையில், நம் மெல்லிய பேச்சும் அதன் மனனத்தைக் கலைக்கும். "மெதுவாகத்தானே பேசுகிறோம்" என்பது சமாதானமாகாது. அந்த ஒரு மணி நேரம் பேச்சு முற்றத்துக்குப் போகட்டும். பாடம் பிள்ளையின் மனத்தில் தங்கட்டும்.